சோடியம் ஹைட்ராக்சைடின் எடையை நம்பாதீர்கள்

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லையைத் தராசில் வைத்து எடையைக் குறிப்பதற்குள் அதன் மேல் ஈரம் பளபளக்கும். காற்றிலுள்ள நீரையும் கார்பன் டைஆக்சைடையும் அது இழுத்துக்கொள்கிறது. அதனால் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலுக்கு லிட்டருக்கு 4 கிராம் என உத்தேசமாக எடுத்தாலே போதும். நான்கு தசமம் பார்ப்பது வீண் வேலை.

துல்லியத்தை ஆக்சாலிக் அமிலத்தில் காட்டுங்கள்; அதை வைத்துத்தான் காரத்தின், அதாவது சோடியம் ஹைட்ராக்சைடின், உண்மைச் செறிவைக் கண்டுபிடிக்கப் போகிறோம். அதன் நீரேறிய படிகம் 1.576 கிராமை அளவுக் குடுவையில் 250 மி.லி.க்குக் கரைத்தால் 0.05 மோலார் கிடைக்கும். இதில் 20 மி.லி. எடுத்து, பினாப்தலீன் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சேருங்கள். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் சரி. நிறம் அடர்ந்துவிட்டதா, தாண்டிவிட்டீர்கள். ஒரு மோல் அமிலத்துக்கு இரண்டு மோல் காரம் தேவை; ஆகவே 20.8 மி.லி. செலவானால் காரத்தின் உண்மைச் செறிவு 0.0962 மோலார்.

அப்புறம், கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் காரத்தை வைக்காதீர்கள், மூடி இறுகிக்கொள்ளும்.