முந்நூறு ரூபாய் பேக்கை வருஷக்கணக்கில் ஓட்டுவது எப்படி

10 லிட்டரிலிருந்து 20 லிட்டர் வரை கொள்ளும், கையில் எடுத்தால் 300, 400 கிராம்தான் இருக்கும், விலையும் 300 ரூபாய்க்கும் 600 ரூபாய்க்கும் நடுவில். இந்த வகை பேக்கைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், ஒரு நாள் பயணமாகக் கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் என்று பாதிப் பேர் முதுகில் இதுதான் இருக்கிறது. ஆனாலும் "சீப் பேக், ஆறு மாசம்கூட வராது" என்ற பேச்சும் கூடவே இருக்கிறது. நன்றாகவே வரும். அது ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்பதை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். விலை கூடின பேக்கில் முதுகுப் பக்கம் தடித்த ஃபோம் இருக்கும், அடியில் இரட்டைத் துணி இருக்கும், லேப்டாப்புக்குத் தனி அறை, சிலவற்றில் இடுப்பில் மாட்டுகிற பெல்ட்டும் உண்டு. இதில் அதையெல்லாம் எடுத்துவிட்டு ஒற்றைத் துணி, ஒரு ஜிப், இரண்டு ஸ்ட்ராப் மட்டும் வைத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டதை நாம் சாமான் அடுக்குகிற விதத்தில் ஈடுகட்ட வேண்டும். இந்தப் பேக்கோடு பழகுவது என்றால் முக்கால்வாசி அதுதான்.

வாங்கும்போது வெளியே இருக்கிற டிசைனைப் பார்க்காதீர்கள். பேக்கை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். இரண்டு துணி சேர்கிற இடத்தில் தையலுக்கு வெளியே துணி எவ்வளவு மிச்சம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், அரை சென்டிமீட்டர்கூட இல்லாமல் ஓரத்திலேயே தைத்திருந்தால் அந்த இடம் நூல் நூலாகப் பிரிந்து வரும். ஓரத்தை நாடா வைத்து மூடித் தைத்திருந்தால் நல்லது. அடுத்து, தோள் ஸ்ட்ராப் பேக்கின் தலையில் சேருகிற இடம். மொத்த எடையும் தொங்குவது அங்கேதான். ஒரே வரி நேர்த்தையல் போட்டிருந்தால் அந்தப் பேக்கை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கட்டம் கட்டி நடுவில் குறுக்கே பெருக்கல் குறி மாதிரித் தைத்திருக்கிறதா, இல்லை நெருக்கமாக முன்னும் பின்னும் பல தடவை ஓட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் தாங்கும்.

ஜிப்பை ஒரே கையால் இழுங்கள், குறிப்பாக வளைவில். நேர்க்கோட்டில் எந்த ஜிப்பும் ஓடும், வளைவில் திக்கித் திணறினால் பேக் நிறைந்த பிறகு இன்னும் மோசமாகத் திணறும். துணியைப் பற்றி டேக்கில் 210, 420, 600 என்று டெனியர் கணக்குப் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் அந்த எண். எண் கூடக் கூட நூல் தடிமன், பேக்கின் எடையும் கூடும். மடித்துப் பாக்கெட்டில் வைக்கிற அளவுக்கு மெல்லியது வேண்டுமென்றால் 210 போதும். தினமும் பஸ்ஸில் உரசிக்கொண்டு போகிற பேக்குக்கு 300-க்கு மேல் இருப்பதே என் தேர்வு.

சரி, எவ்வளவு எடை ஏற்றலாம்? இடுப்பு பெல்ட் இல்லாத பேக்கில் எல்லா எடையும் தோளில்தான் இறங்கும். பெரியவர்களுக்கு 4 கிலோ வரை சுகமாக இருக்கும், 5 கிலோவைத் தாண்டினால் ஸ்ட்ராப் தோளை அறுக்க ஆரம்பிக்கும், தையலும் முனகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் தண்ணீரே 1 கிலோ, சாதமும் குழம்பும் அடைத்த எவர்சில்வர் டப்பா கிட்டத்தட்ட 1 கிலோ, குடை, பவர்பேங்க், ஒரு நோட்டு, இவற்றோடு 2 கிலோ லேப்டாப்பும் அதன் சார்ஜரும் சேர்ந்தால் எல்லையைத் தொட்டாயிற்று. அதனால் அலுவலகத்தில் தண்ணீர் கிடைக்குமென்றால் பாட்டிலைப் பாதி நிரப்பிக்கொண்டு போங்கள், அரைக் கிலோ அப்போதே குறைந்துவிடும். பிள்ளைகளுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பைக் கொள்கை, பத்தாம் வகுப்பு வரை பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ, அவ்வளவுதான். பேக் லேசாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு புத்தகத்தைச் சேர்த்து அடைத்தால் லேசான பேக் வாங்கினதே வீண்.

இப்போது அடுக்குவது. முதுகுப் பக்கம் ஃபோம் இல்லை அல்லது பேருக்கு இருக்கிறது என்பதால் டப்பாவின் மூலை, சார்ஜர் பின், சாவிக்கொத்து எல்லாம் நேராக முதுகெலும்பில் குத்தும். இதற்குப் பழைய யோகா மேட் இருந்தால் பேக்கின் முதுகு அளவுக்கு ஒரு துண்டு வெட்டி உள்ளே நிறுத்திவிடுங்கள், மூலைகளை மட்டும் வட்டமாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் அதுவே துணியைத் தேய்க்கும். நூறு கிராம்கூட வராது, ஆனால் தொளதொளவென்று இருந்த பேக் நிமிர்ந்து நிற்கும். மேட் இல்லையென்றால் நாலாக மடித்த துண்டு போதும், வேர்வை துடைக்கவும் ஆகும். அதுவும் இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

கனமானதை அந்தத் துண்டை ஒட்டி, முதுகுக்குப் பக்கத்தில் வையுங்கள், ரொம்பக் கீழே போகாமல் முதுகின் நடுவாக்கில். கனமான பொருள் வெளிப்பக்கம் இருந்தால் பேக் பின்னால் இழுக்கும், அதை ஈடுகட்ட நாம் முன்னால் குனிந்து நடப்போம், சாயங்காலம் கழுத்து வலிக்கும். நடு உயரத்தில் எப்படி நிற்கும் என்றால், அடியில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும்: மடித்த சட்டை, சால்வை, துணிப்பை. லேப்டாப் கொண்டுபோகிறவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் இந்த வகைப் பேக்குகளில் அடிப்பக்கம் வெறும் துணிதான், பேக்கைத் தரையில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பின் விளிம்பு நேராகத் தரையில் இடிக்கும். உறை போட்டு, அடியில் துணி வைத்து, அதற்கு மேல்தான் லேப்டாப்.

சாப்பாட்டு டப்பாவை நிமிர்த்தி வைக்கிற மாதிரி இடம் ஒதுக்குங்கள். பக்கவாட்டில் காலி இடம் இருந்தால் டப்பா சாயும், சாம்பார் ஒரு தடவை கசிந்தால் அந்த வாசனை துணியின் உள்பூச்சில் ஏறி எளிதில் போகாது. துணிப்பையில் சுற்றி, குடையையோ பாட்டிலையோ பக்கத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். டப்பாவின் மூலை பேக் துணியில் நேராகப் படக் கூடாது என்பதற்கும் இது உதவும், சீப் பேக்கில் முதலில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அடி மூலையில்தான், அதுவும் உள்ளேயிருந்து உரசி. வெளியே இருக்கிற வலைப் பாக்கெட்டில் பாட்டில் வைக்கலாம், ஆனால் 1 லிட்டர் ஸ்டீல் பாட்டிலை வேண்டாம், எலாஸ்டிக் சீக்கிரம் தொய்ந்துவிடும், குனிந்தால் பாட்டில் உருண்டு ஓடும்.

ஸ்ட்ராப்பின் நீளத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பேக்கின் அடி இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. இழுத்துச் சரிசெய்தாலும் மெல்லிய நாடா பக்கிளில் வழுக்கி மெல்ல மெல்ல இறங்கும், இந்த விலைப் பேக்குகளில் அது சகஜம். நாடாவின் நுனியைத் திருப்பி அதே பக்கிளில் இன்னொரு தடவை நுழைத்து இழுத்தால் நிற்கும். அளவு சரியானதும் மிச்ச நாடாவைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். பைக்கில் போகிறவர்கள் இதை விட்டுவிடவே கூடாது, தொங்குகிற நாடா சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கினால் பேக்கோடு ஆளையும் இழுத்துவிடும். பின்சீட்டில் யாரும் இல்லையென்றால் ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் தளர்த்தி, பேக்கின் அடி சீட்டில் உட்காருகிற மாதிரி வைத்துக்கொண்டால் தோளுக்குப் பாரமே தெரியாது. இறங்கியதும் மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.

பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் கூட்டம் இருந்தால் பேக்கை முன்னால் மாட்டுங்கள். பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்காது, ஜிப்பும் நம் கண்ணெதிரே இருக்கும். மெல்லிய துணியைப் பிளேடால் கிழிப்பது சுலபம், அதனால் பணமும் போனும் வெளிப் பாக்கெட்டில் வேண்டவே வேண்டாம். அந்தப் பாக்கெட்டில் பேனா, சீப்பு, டிக்கெட், கைக்குட்டை இருந்தால் போதும்.

மழைக்கு வருவோம். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று எழுதியிருப்பது தூறலுக்குத்தான். துணியின் உள்பூச்சு தண்ணீரைத் தடுத்தாலும், ஊசி போன ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஜிப் வழியாகவும் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் உள்ளே ஈரம். மேலே போடுகிற ரெயின் கவர் தனியாக விற்கிறது, ஆனால் முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கும், முதுகில் வழிகிற தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும். உள்ளே கவர் போடுவதே நல்லது. பெட்ஷீட், போர்வை வாங்கும்போது ஜிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் கவரில் தருவார்களே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதுவே பேக்கின் உள்ளே உட்காரும், லேப்டாப்பும் சான்றிதழும் அதற்குள் போய்விட்டால் பேக் தொப்பலாக நனைந்தாலும் கவலையில்லை. ஈரக் குடையை மட்டும் கவருக்கு வெளியே, பக்கப் பாக்கெட்டில்.

துவைப்பதில்தான் நிறைய பேக்குகள் செத்துப்போகின்றன. வாஷிங் மெஷின் வேண்டாம், வெந்நீர் வேண்டாம், துணி துவைக்கிற பிரஷ்ஷை உள்பக்கம் போடவே வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். பச்சைத்தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ கலந்து, வேர்வை உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிற ஸ்ட்ராப்பையும் முதுகுப் பக்கத்தையும் கையால் கசக்குங்கள், ஜிப்பின் பல்லில் இருக்கிற மண்ணைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். பிழியாமல், உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மொட்டைமாடி வெயில் சீக்கிரம் காயவைக்கும்தான், கூடவே நூலையும் பூச்சையும் பலவீனமாக்கும்.

கொஞ்ச நாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போடாதீர்கள். உள்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன், ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சிதைந்து பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாசனை வரும், பிறகு வெள்ளைச் செதிலாக உதிர்ந்து துணியெல்லாம் ஒட்டும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆணியில் காற்றாடத் தொங்கவிட்டால் பல காலம் தள்ளிப்போடலாம். உதிர ஆரம்பித்துவிட்டால் திரும்ப ஒட்டாது, முழுசாகத் தேய்த்து எடுத்துவிட்டு அந்தப் போர்வைக் கவரை நிரந்தரமாக உள்ளே வைத்து ஓட்டுங்கள்.

பழுதுகளில் முதலில் வருவது ஜிப். ரன்னரை இழுத்தால் ஓடும், ஆனால் பின்னாலேயே பல் பிரிந்துகொண்டு வரும். பல் போய்விட்டது என்று நினைத்து முழு ஜிப்பையும் மாற்றத் தேவையில்லை, பெரும்பாலும் ரன்னரின் வாய் அகன்றிருக்கும், அவ்வளவுதான். ரன்னரை ஜிப் திறக்கிற கோடிக்குக் கொண்டுபோய், கட்டிங் பிளேயரால் அதன் பின்பக்கத்து இரண்டு ஓரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக ஒரு அழுத்து அழுத்துங்கள். ஒரே அழுத்தில் முடிக்கப் பார்த்தால் ரன்னர் உடைந்துவிடும் அல்லது நகராது. கொஞ்சம் அழுத்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். இறுக்கமாக ஓடினால் மெழுகுவர்த்தியைப் பல்லின் மேல் தேய்த்து நாலைந்து தடவை இழுத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நாடாவின் நுனி நூல் பிரிந்தால் ஊதுவத்தி போதும். பிரிந்த நூலைக் கத்தரித்துவிட்டு, ஊதுவத்தியின் கங்கை நாடா நுனிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நைலான் உருகி ஒட்டிக்கொள்ளும், ஆறியதும் கெட்டியாகிவிடும். சூடாக இருக்கும்போது விரலால் தொடாதீர்கள், பேக் துணியில் கங்கு படவும் விடாதீர்கள். ஸ்ட்ராப் பிரிய ஆரம்பித்தால் ஒரு நூல் விட்டதுமே பேக் தைக்கிறவரிடமோ தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடமோ கொண்டுபோங்கள். "அண்ணா, கட்டம் கட்டி நடுவுல குறுக்க தைங்க, நைலான் நூல் போடுங்க" என்று சொல்லித் தைத்து வாங்குங்கள். முழுசாகப் பிய்ந்த பிறகு போனால் துணியும் சேர்ந்து கிழிந்திருக்கும், தைக்கப் பிடிமானம் இருக்காது. புதுப் பேக் வாங்கின அன்றைக்கே இரண்டு ஸ்ட்ராப்புக்கும் இப்படி ஒரு தையல் போட்டுவிடுவது இன்னும் நல்லது, நான் யாருக்குப் பேக் வாங்கிக் கொடுத்தாலும் இதைச் செய்துதான் கொடுப்பேன்.

தினமும் லேப்டாப்போடு தடித்த புத்தகங்களும் தூக்குகிறவர்கள், கேமராக்காரர்கள், ராத்தங்கல் மலையேற்றம் போகிறவர்கள் இந்தப் பேக்கை நம்ப வேண்டாம், அவர்களுக்கு இடுப்பு பெல்ட்டும் ஃபோமும் இருக்கிற பேக் வேண்டும், அதற்குச் செலவு செய்வது நியாயம்தான். மற்றபடி ஆபீஸ், சந்தை, ஒரு நாள் ஊர்ப்பயணம், 14 கிலோமீட்டர் கிரிவலம் எல்லாவற்றுக்கும் இது தாராளம். துணியே நைந்துபோய் இனி தைக்க முடியாது என்ற நிலை வந்தால் பக்கிள், ரன்னர், நன்றாக இருக்கிற நாடா எல்லாவற்றையும் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த பேக்கின் பக்கிள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடையும், அன்றைக்குக் கடை திறந்திருக்காது.