திருகோணமலை உப்புவெளி மணலில் அனிமேஷன் செய்வோருக்கு

களிமண் பொம்மை செய்ய நேரமில்லையா? மணலை எடுங்கள். கண்ணாடியில் மணல், கண்ணாடிக்கு அடியில் டிரேசிங் தாள், அதற்கும் கீழே எல்ஈடி பல்ப். மேலே நேர்குத்தாகப் போன். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு தரமும் ஒரு படம் எடுங்கள்.

கடற்கரை மணலை அப்படியே கொட்டவேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும், மணல் கட்டிபடும், கோடு பிசிறும். நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவி, வெயிலில் காயவிட்டு, மா அரிக்கும் அரிதட்டால் அரித்தெடுங்கள்.

செக்கனுக்கு 12 படம் போதும். 30 செக்கனுக்கு 360. போன் கமராவில் ஃபோகஸ் (கூர்மை), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் மாறாமல் பூட்டுங்கள். இல்லாவிட்டால் மணல் கூடும்போதும் குறையும்போதும் படத்தில் வெளிச்சம் துடிக்கும். யன்னலைச் சாத்துங்கள், இரவென்றால் இன்னும் நல்லது. ஃபேன் கூடவே கூடாது (வியர்வை சொட்டாமல் பக்கத்தில் ஒரு துவாய்).

கதைதான் முக்கியம். மணலில் முந்தின உருவத்தை அழித்தால்தான் அடுத்தது வரும். பின்னால் போய்த் திருத்த வழியில்லை. அதனால் வசனக் கதை சரிவராது. ஒன்று இன்னொன்றாக மாறும் கதை எடுங்கள்: அலை சுருண்டு, திருகோணமலை பிரடெரிக் கோட்டையில் திரியும் மானின் கொம்பாவது மாதிரி. கொம்பை விரலால் கீறினால் தடித்துப்போகும், ஈர்க்குதான் சரி.