ஓட்டு வீட்டு மச்சின் அனலைக் குறைக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மார்ச் மாத நடுப்பகலில் ஓட்டுக்கூரைக்கு அடியிலுள்ள மச்சுக்குள் தலையை நீட்டினால் அனல் முகத்தில் அறையும். உடனே பலரும் கடைக்குப் போய், சூட்டைத் திருப்பி அனுப்பும் அலுமினிய வெள்ளித்தாள் சுருளை வாங்கி வந்து, இருக்கிற இடுக்குகளையும் அடைத்துவிடுகிறார்கள். ஆனால் பழுது பார்த்த கையோடு சூடான காற்று வெளியேற வழி செய்ய வேண்டும். வெள்ளித்தாள் போன்ற சூட்டுத் தடுப்பு அதற்குப் பிறகு.

முதலில் பழுது. பகலில் மச்சுக்குள் விளக்கை அணைத்துவிட்டு நின்றால் உடைந்த ஓடும் நகர்ந்த ஓடும் வெளிச்சப் பொட்டுகளாகக் காட்டிக்கொடுக்கும். மாற்றிவிடுங்கள். ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான ரீப்பர்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கரையான் அரித்திருக்கிறது. பழைய வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே அடுத்த வேலை.

இரண்டாவது, காற்று வழி. சூடான காற்று மேலே ஏறும். ஆகவே கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்தில் நுழைவழியும் முகட்டை ஒட்டி வெளிவழியும் வேண்டும். மச்சுத் தரைப் பரப்பில் 300-இல் ஒரு பங்கு திறப்பு என்பது வழக்கமான குறைந்தபட்சக் கணக்கு. 600 சதுர அடி மச்சுக்கு 2 சதுர அடி: கீழே பாதி, மேலே பாதி. நம் வெயிலுக்கு நான் இதை இரட்டிப்பாக்கச் சொல்வேன். வலை அடித்தாலே திறப்பில் ஒரு பகுதி போய்விடுகிறது. அதற்காக வலையை விட்டுவிடாதீர்கள். மரநாய் ஒருமுறை குடியேறினால் கிளப்புவது பெரும்பாடு. கால் அங்குலக் கண்ணியுள்ள துருப்பிடிக்காத வலை போதும்.

பழைய கேரள வீடுகளின் முக்கோண முகப்பில் மர அழி வைத்திருப்பது வெறும் அழகுக்கு அல்ல. பாலக்காட்டுக் கணவாயின் காற்று கிழக்கு மேற்காகவே ஓடுகிறது. அந்தத் திசைகளில் முகப்பு இருந்தால் அங்கேயே திறப்பு வையுங்கள். மேற்கு முகப்பில் மட்டும் பலகைகளை வெளிப்புறம் தாழச் சரித்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜூன் மழை நேராக உள்ளே வரும்.

மூன்றாவதுதான் வெள்ளித்தாள். கூரையின் சரிவு மரங்களான கழிக்கோல்களின் அடிப்பக்கத்தில், பளபளப்பான முகம் கீழே பார்க்க அடியுங்கள். மேலே பார்த்தால் தூசி படிந்து பயன் குறையும். ஓட்டுக்கும் தாளுக்கும் இடையே குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும், ஓட்டோடு ஒட்டிய தாள் சூட்டை அப்படியே கடத்திவிடும். மேல் தாள் கீழ்த் தாளின் மீது 10 செ.மீ. ஏறி நிற்கும்படி வையுங்கள். ஒழுகும் நீர் இறவாணத்துக்கு ஓடிவிடும். முகட்டில் ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மெயினை அணைத்துவிட்டே ஆணி அடியுங்கள்.

மச்சில் யாரும் படுப்பதில்லை என்றால் தரைப் பலகையின் மீது சூட்டைத் தடுக்கும் கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வுல்) விரிக்கலாம். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். இறவாணத் திறப்புகளை அது மூடக் கூடாது. தெர்மோகோல் மலிவுதான், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சமையலறைப் புகைக்குழாய் மச்சுக்குள் முடிந்தால் அதை ஓட்டுக்கு வெளியே நீட்டிவிடுங்கள். ஒவ்வொரு மே மாதமும் வலையில் சேர்ந்த ஒட்டடையைத் துடைத்துவிட்டால் போதும்.