பத்து நாட்டுக்கோழியும் விற்பனைக்கு மிஞ்சும் முட்டையும்

முதலில் கணக்கு. சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி இனத்தில் ஒரு பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து இட்டதும் முட்டையிடுவதை நிறுத்தி, குஞ்சு பொரிக்க அடைக்கு உட்கார்ந்துவிடும். பத்துப் பெட்டை வைத்தால் சராசரியாக நாளுக்கு இரண்டு முட்டை கூட முழுதாக வராது. வீட்டுக்குப் போக வாரம் ஏழெட்டு விற்கலாம். கூடுதலாக வேண்டுமென்றால் கிராமப்பிரியா மாதிரி மேம்படுத்திய இனத்தில் நாலைந்து சேர்க்கலாம். அது ஆண்டுக்கு 150க்கு மேல் இடும், பெரும்பாலும் அடை உட்காராது. ஆனால் அதன் முட்டை பழுப்பு நிறம். அதை நாட்டுக்கோழி முட்டை என்று சொல்லி விற்றால் இரண்டாவது முறை ஆள் வரமாட்டார்.

இரவுக் கூண்டில் கோழிக்கு 2 சதுர அடி வேண்டும். பத்துக்கு 5 அடிக்கு 4 அடி போதும். கீரியும் பாம்பும் நுழையாதபடி அரை அங்குல வலை அடியுங்கள். மூன்று நான்கு கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி, ஓரடி நீள அகலத்தில், வைக்கோல் பரப்பி இருட்டு மூலையில் வையுங்கள். அது கோழி ஏறி உறங்கும் குச்சியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் இரவில் அதிலேயே படுத்து எச்சமிட்டு முட்டையை அழுக்காக்கும். காலை பத்து மணிக்குத் திறந்துவிட்டால் பெரும்பாலான முட்டை பெட்டியிலேயே விழும். விடிந்ததும் திறந்தால் வேலியோரப் புதரில்தான் தேட வேண்டும்.

மேய்ச்சலோடு கோழிக்கு நாளுக்கு 50 கிராம் தீவனம் கொடுங்கள். 10 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 6 கிலோ, தவிடு 2 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1.3 கிலோ, கருவாட்டுத்தூள் அரைக் கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம். கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மெலிந்து முட்டை உடையும். உடைந்ததைத் தின்று ருசி கண்ட கோழி பிறகு நல்ல முட்டையையும் கொத்தும். பூசணம் பிடித்த புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும், தள்ளிவிடுங்கள்.

விற்கும் முட்டையின் எண்ணிக்கையை முடிவு செய்வது அடைதான். குஞ்சு வேண்டாத கோழி அடைக்கு உட்கார்ந்தால், அடியில் கம்பி வலை போட்ட கூண்டில் வெளிச்சமான இடத்தில் மூன்று நான்கு நாள் விடுங்கள். தண்ணீரும் தீனியும் வழக்கம்போல. அடிவயிற்றில் காற்றுப்பட்டுச் சூடு தணிந்தால் அடை தெளியும். மூக்கில் இறகு செருகுவது, தண்ணீரில் முக்குவதெல்லாம் வீண் சித்திரவதை. தெளிந்த கோழி சில வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். குஞ்சோடு திரியும் கோழிக்கு மாதக்கணக்காகும்.

அடுத்தது சேவல். குஞ்சு பொரிக்கப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சாப்பாட்டு முட்டை மட்டும் விற்பதாக இருந்தால் சேவலே தேவையில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் கருக்கூடிய முட்டை வெளியில் கிடந்தாலே கரு வளரத் தொடங்கி, வாங்கியவர் சட்டியில் உடைக்கும்போது ரத்த நரம்பு தெரியும். சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு வாரம் கருமுட்டை வரலாம், அதுவரை வீட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தையே காலி செய்வது வெள்ளைக்கழிச்சல் நோய். வந்தபின் மருந்தில்லை. வராமல் தடுக்க, குஞ்சுக்கு ஏழாம் நாளும் நான்காம் வாரமும் லசோட்டா என்னும் தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைக்கடியில் தடுப்பூசி. லசோட்டா குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கானது. கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து போடுங்கள். ஐஸ் இல்லாமல் கொண்டுவந்தால் போட்டும் பயனில்லை. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இலவச முகாமையும் விடாதீர்கள். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்துவைத்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

முட்டையைக் காலை, மாலை இரு வேளையும் எடுங்கள். கழுவாதீர்கள். மேலிருக்கும் மெல்லிய படலம் போனால் கிருமி உள்ளே இறங்கும். உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்க அட்டையில் அடுக்கி, ஓட்டில் பென்சிலால் தேதி எழுதுங்கள். சந்தேகமானதைத் தண்ணீரில் போடுங்கள்: படுத்தால் புதிது, நிமிர்ந்து நின்றால் பழசு, மிதந்தால் குப்பைக்கு. அடை வைக்கக் கேட்பவருக்கு ஒரு வாரத்துக்குள் இட்டதை மட்டும் கொடுங்கள்.

விலை வைக்குமுன் தீவனச் செலவைப் பாருங்கள். கிலோ 30 ரூபாய் என்றால் ஒரு கோழிக்கு ஆண்டுக்குச் சுமார் 550 ரூபாய். 70 முட்டைக்கு வகுத்தால் முட்டைக்கு ஏறக்குறைய 8 ரூபாய் தீவனத்துக்கே போகிறது. தடுப்பூசி, கூண்டு, உடைசல் தனி. கடைக்குப் போட்டால் கடைக்காரர் லாபமும் இதில் கழியும், அதனால் தெருவிலேயே நாலைந்து வீட்டை வாடிக்கையாகப் பிடிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முட்டை குறையும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.