மூலையில் இருக்கும் எண்ணை முதலில் படியுங்கள்: தபால்தலைக்கு முந்தைய அமெரிக்கக் கடிதங்களைச் சேர்ப்பது எப்படி

நான் முதன்முதலில் வாங்கிய ஸ்டாம்ப்லெஸ் கவர், அதாவது தபால்தலை இல்லாத பழைய கடிதம், எட்டு டாலர். நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு 1836 நவம்பரில் போன கடிதம். தபால்தலை கிடையாது, உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கம் முகவரி எழுதி அனுப்பியிருந்தார்கள். சிவப்பு வட்ட முத்திரை அழகாக விழுந்திருந்ததால் வாங்கினேன். வலது மேல் மூலையில் பழுப்பு மையில் 25 என்று கிறுக்கியிருந்ததை அப்போது நான் கவனிக்கவே இல்லை.

அந்த 25தான் இந்தக் கடிதத்தின் உயிர் என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். முத்திரையின் அழகு அப்புறம்.

அது தபால் கட்டணம், சென்ட் கணக்கில். 1816 மே முதல் 1845 ஜூன் வரை அமெரிக்காவில் ஒரு தாள் கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்துக் கட்டணம். 30 மைல் வரை 6 சென்ட், 80 மைல் வரை 10, 150 மைல் வரை 12½, 400 மைல் வரை 18¾ (1825க்கு முன்பு 18½), அதற்கு மேல் 25. இந்த ஐந்து எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தபால்தலைக் கண்காட்சியில் பெட்டி பெட்டியாகக் கடிதங்களைப் புரட்டும்போது இவை தலையில் இருந்தால் போதும், பாதிக் கடிதங்கள் தானாகப் பேசும்.

அரை சென்ட், முக்கால் சென்ட் எல்லாம் எதற்கு என்று தோன்றும். அப்போது அங்கே ஸ்பானிய வெள்ளிக் காசுகள் தாராளமாகப் புழங்கின. எட்டு ரியால் ஒரு டாலர், ஆக ஒரு ரியால் 12½ சென்ட், ஒன்றரை ரியால் 18¾. கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற கட்டணம். 1857 வரை அந்தக் காசுகள் சட்டப்படி செல்லும்.

சரி, என் கடிதத்துக்கு வருவோம். நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியா சுமார் 90 மைல். 12½தானே வர வேண்டும்? 25 என்றால் 400 மைலுக்கு மேல் போயிருக்க வேண்டுமே! தபால்காரர் தவறு செய்துவிட்டார் என்றே நினைத்தேன். தவறு என்னுடையது. அன்று கட்டணம் எடைக்கு இல்லை, தாளுக்கு. இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. 12½ இரண்டு முறை, 25. அதாவது இந்தக் கடிதத்துக்குள் இன்னொரு தாள் இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் உறை போடாததற்கும் இதுவே காரணம்: உறையும் ஒரு தாளாக எண்ணப்பட்டது, யார் இரண்டு மடங்கு கொடுப்பார்கள்?

தேதி இல்லாத கடிதத்துக்கும் எண்தான் துணை. 1799 முதல் 1816 வரை இருந்த கட்டணங்கள் 8, 10, 12½, 17, 20, 25. ஆகவே மூலையில் 17 தெரிந்தால் அது 1816 மே மாதத்துக்கு முந்தையது என்று நம்பி எடுக்கலாம். பிரிட்டனோடு நடந்த போரின் செலவுக்காக 1815 பிப்ரவரி முதல் 1816 மார்ச் கடைசி வரை எல்லாக் கட்டணத்தையும் ஒன்றரை மடங்காக்கினார்கள். 17 சென்ட் 25½ ஆனது. 25½ என்று கண்டால் வைத்துவிட்டு வராதீர்கள். வெறும் பதினான்கு மாதத்தின் எண் அது. விற்பவர் பலருக்கு அது தெரிவதில்லை.

கப்பலில் வந்த கடிதம் தனி சுகம். துறைமுகத்திலேயே கொடுக்கப்பட்டால் 6 சென்ட். அங்கிருந்து உள்நாட்டுக்குப் போனால் வழக்கமான கட்டணத்தோடு 2 சென்ட் சேரும். கப்பலில் வந்து பாஸ்டனில் இறங்கி பிலடெல்பியா போன ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. மூலையில் 20¾. 18¾ கூட்டல் 2. அந்தக் கணக்கு சரியாக வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் 'ஷிப்' என்ற முத்திரையும் இருக்கிறது.

அன்று பெரும்பாலும் பணம் கட்டியது பெறுபவர்தான். அனுப்பியவர் கட்டியிருந்தால் 'பெய்டு' என்ற முத்திரையோ கையெழுத்தோ இருக்கும். 'ஃப்ரீ' என்று இருந்தால் காங்கிரஸ் உறுப்பினர் அல்லது ஊர் போஸ்ட்மாஸ்டர் எழுதியது, அல்லது அவருக்கு வந்தது. அவர்களுக்கு இலவச அஞ்சல் உரிமை இருந்தது. அனுப்பியது அவர் என்றால் மூலையில் அவர் கையெழுத்தைத் தேடுங்கள்.

முத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம். சிற்றூர்களில் முத்திரைக் கட்டையே கிடையாது; போஸ்ட்மாஸ்டர் ஊர் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதிவிடுவார். விலை குறைவு, ஆனால் எனக்கு அவைதான் ரொம்பப் பிடிக்கும், ஒரு மனிதரின் கை அதில் தெரிகிறது. ஊர் பெயரை ஒரே வரியில் அச்சிடும் நேர்கோட்டு முத்திரைகள் பழையவை, அப்புறம் நீள்வட்டம், அப்புறம் வட்டம் பரவியது. முத்திரையில் மாதமும் நாளும் இருக்கும், வருடம் பெரும்பாலும் இருக்காது. வருடம் வேண்டுமென்றால் கடிதத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

திறப்பது எப்படி என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குளிர்காலத்தில், ஹீட்டர் ஓடும் அறையில், செய்தித்தாளை விரிப்பதுபோல இரண்டாவது கடிதத்தை விரித்தேன். மடிப்பு முழுக்கக் கிழிந்தது. பதற்றத்தில் செல்லோ டேப் ஒட்டினேன். இரண்டு வருடத்தில் டேப் மஞ்சளாகி, பசை எழுத்துக்குள் இறங்கிவிட்டது. நீங்கள் இதைச் செய்யாதீர்கள். கடிதத்தை மேசையில் தட்டையாக வைத்து, ஒவ்வொரு மடிப்பாக, கீழே கை கொடுத்துத் திறங்கள். கை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். ஒருமுறை திறந்ததும் ஸ்கேன் எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துவிடுங்கள், அப்புறம் ஸ்கேனைப் படித்தால் போதும். கிழிசல் இருந்தால் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் மட்டும். வைப்பதற்கு பாலியெஸ்டர் உறை நல்லது, பி.வி.சி. வேண்டவே வேண்டாம். காகிதம் கந்தல் துணியில் செய்தது என்பதால் இருநூறு வருடமானாலும் திடமாக இருக்கும், பலவீனம் மடிப்பில்தான்.

அரக்கு உடைந்த இடத்தில் தாளில் ஓட்டை இருக்கும், இரண்டு மூன்று சொற்கள் காணாமல் போயிருக்கும். எதிர்ப்பக்கத்து அரக்கின் அடியைப் பாருங்கள், கிழிந்த துண்டு பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

வாங்கும்போது ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். மங்கிய முத்திரையின் மேல் புது மை தடவி விலையேற்றும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு விற்பனையாளரிடம் நானும் ஏமாந்தேன். பூதக்கண்ணாடியில் முத்திரை மடிப்பைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். காகிதம் தேய்ந்து வெடித்த பிறகு போட்ட மை அந்த வெடிப்புக்குள் வழிந்து ஊறியிருக்கும். அன்றே போட்டது என்றால் மை மேலே இருக்கும், வெடிப்பு அதை வெட்டிக்கொண்டு போயிருக்கும்.

எல்லாவற்றையும் வாங்காதீர்கள். ஒரு ஊர், அல்லது ஒரு வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஹட்சன் நதிக்கரை ஊர்களை எடுத்துக்கொண்டேன்: பொக்கீப்ஸி, ஹட்சன், ஆல்பனி, டிராய். 1825இல் ஈரி கால்வாய் திறந்த பிறகு வணிகக் கடிதங்கள் அங்கே குவிந்தன, இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. முத்திரைப் பட்டியல் நூல்கள் வேண்டுமென்றால் பென்சில்வேனியாவின் பெல்ஃபான்ட்டில் தபால்தலை சேகரிப்போர் சங்கமான அமெரிக்கன் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நூலகம் இருக்கிறது, உறுப்பினருக்கு அஞ்சலிலேயே கடன் தருகிறார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதும் கேள்விதான். 1845 ஜூலையில் தாள் கணக்கு போய் அரை அவுன்ஸ் கணக்கு வந்தது. 300 மைல் வரை 5, அதற்கு மேல் 10. உறையும் அப்போதுதான் பரவியது. 1847 ஜூலை முதல் தேதி தபால்தலை வந்தும் யாரும் ஒட்டியே ஆக வேண்டும் என்று இல்லை. 1856 ஜனவரியில்தான் கட்டாயமானது. நான் 1845ஓடு நிறுத்திக்கொண்டேன். எண்கள் அதற்கு முன்புதான் பேசுகின்றன.

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சிறு அட்டை எழுதுங்கள்: எங்கிருந்து, எங்கே, எத்தனை மைல், எத்தனை தாள், என்ன எண். கணக்கு இடிக்கிறது என்றால் கேள்விக்குறி போடுங்கள். என் முதல் கடிதத்தின் அட்டையில் அந்தக் கேள்விக்குறி மூன்று வருடம் இருந்தது, ஏனென்றால் கடிதத்தில் இணைப்பு என்று ஒரு சொல்கூட இல்லை. ஒருநாள் ஸ்கேனைப் பெரிதாக்கியபோது உள்பக்கத்தின் வெற்றிடத்தில் மங்கலான பழுப்புக் கோடுகள் தெரிந்தன. படத்தை இடவலமாகத் திருப்பினேன். எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, அடியில் ஒரு கோடு, கூட்டுத்தொகை. காணாமல் போன கணக்குத் தாளின் மை, எதிர்த்தாளில் படிந்து தங்கியிருந்தது. கேள்விக்குறியை அழித்துவிட்டு எழுதினேன்: தாள் 2, ஒன்று இல்லை.