ஸ்டான்லி என்றால் எந்த ஸ்டான்லி? ஒரே குடும்பப் பெயரில் இருப்பவற்றைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை, மேட்டூரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம், கனடாவில் ஸ்டான்லி கோப்பை, நியூயார்க்கில் மார்கன் ஸ்டான்லி, தச்சர் பையில் ஸ்டான்லி கத்தி, ஃபாக்லாந்து தீவுகளில் ஸ்டான்லி என்றே ஒரு தலைநகரம். ஒரே பெயர் இத்தனை இடத்தில் கிடந்தால் சிலர் எல்லாம் ஒரே ஆளின் பெயர்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள், சிலர் ஏதோ வெள்ளைக்காரன் பெயர், எல்லாம் தற்செயல் என்று விட்டுவிடுவார்கள். இரண்டுமே தப்பு. இந்தப் பட்டியலில் மேட்டூருக்கும் கனடா கோப்பைக்கும் ரத்த உறவே இருக்கிறது. ஆனால் கடையில் ஒரே பெயரோடு விற்கும் ஸ்டான்லி கத்தியும் ஸ்டான்லி ஃபிளாஸ்க்கும் வெவ்வேறு ஆட்கள் தொடங்கிய வெவ்வேறு கம்பெனிகளின் சரக்கு.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம். நான் ஸ்டான்லியை வைத்துச் சொல்கிறேன், ஹேஸ்டிங்ஸ், வெலிங்டன், ஹாமில்டன் என்று எந்தப் பெயருக்கும் இதே வழி செல்லும்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டான்லி என்பது ஊரிலிருந்து வந்த குடும்பப் பெயர். கல் நிறைந்த வெட்டவெளி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொற்கள் அவை, அப்படிப்பட்ட இடங்கள் இங்கிலாந்தில் பல மாவட்டங்களில் உண்டு என்பதால் டெர்பிஷயர், டர்ஹம், யார்க்ஷயர் என்று பல பக்கமும் ஸ்டான்லி ஊர்கள் இருக்கின்றன. ஊர் பல என்றால் அதைப் பெயராக வைத்துக்கொண்ட குடும்பங்களும் பல. ஆகவே பெயர் ஒன்றாக இருப்பது எந்த உறவுக்கும் ஆதாரம் ஆகாது. 'உங்கள் குடும்பப் பெயருக்கான சின்னம்' என்று இணையத்தில் கேடயம் போட்டு விற்கிறார்களே, அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். இங்கிலாந்து வழக்கில் அந்தச் சின்னம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, அதே பெயர் வைத்த எல்லாருக்கும் பொதுவானது கிடையாது.

ஆண்டைப் பிடியுங்கள், ஆள் கிடைப்பார்

எந்த இடத்தை எடுத்தாலும் முதல் கேள்வி, இந்தப் பெயரை எப்போது வைத்தார்கள், அப்போது அங்கே அதிகாரத்தில் இருந்தவர் யார். மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல். சென்னை மாகாண ஆளுநர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் 1929 முதல் 1934 வரை இருந்தவர் சர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி. நீர்த்தேக்கத்துக்கு வைத்தது அவர் பெயர்தான். தினமும் செய்தியில் '120 அடி' கணக்கோடு மேட்டூர் அணை என்றே சொல்லிச் சொல்லி அதிகாரபூர்வப் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை, அது வேறு கதை. ராயபுரம் பக்கத்து மருத்துவப் பள்ளிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள், 1938-இல் அது கல்லூரியாக உயர்ந்தது. ஆக, மருத்துவமனையும் நீர்த்தேக்கமும் ஒரே ஆள். பெயரைப் பார்த்து இதைச் சொல்லவில்லை, ஆண்டும் பதவியும் பொருந்துவதைப் பார்த்துச் சொல்கிறோம்.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள், ஆள் கிடைத்ததும் அவருடைய அப்பா யார் என்று பாருங்கள், பிரிட்டிஷ் ஆளுநர்கள் விஷயத்தில் இது பல சமயம் பலன் தரும், ஏனென்றால் அந்தப் பதவிகளில் பல, கொஞ்சப் பிரபுக் குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஜார்ஜின் அப்பா ஃபிரெடெரிக் ஸ்டான்லி, 16-ஆவது டெர்பி பிரபு. 1888 முதல் 1893 வரை கனடாவின் கவர்னர் ஜெனரல். பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கிப் பைத்தியம் பிடித்துக்கொள்ள, 1892-இல் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைப் பரிசாகக் கொடுத்தார். அதுதான் இன்று வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். அணிகள் மோதிக்கொள்ளும் ஸ்டான்லி கோப்பை. வான்கூவரின் நானூறு ஹெக்டேர் ஸ்டான்லி பார்க்கும் அவர் பெயர்தான்.

தாத்தாவையும் விட வேண்டாம். ஜார்ஜின் தாத்தா எட்வர்ட், 14-ஆவது டெர்பி பிரபு, மூன்று முறை பிரிட்டிஷ் பிரதமர். அதற்கு முன்பு 1840-களின் தொடக்கத்தில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர். அந்த நேரத்தில் உலகத்தின் எந்த மூலையில் பிரிட்டிஷ்காரர்கள் புது ஊர் போட்டாலும் அமைச்சர் பெயரை வைத்து அவரைக் குளிர்விப்பது வழக்கம். ஃபாக்லாந்தின் தலைநகரம், ஹாங்காங் தீவின் தெற்கில் உள்ள ஸ்டான்லி, டாஸ்மேனியாவில் உள்ள ஸ்டான்லி, மூன்றும் இவரால் வந்தவை.

தாத்தா ஃபாக்லாந்து, அப்பா கனடா, மகன் மேட்டூர். மூன்று கண்டங்கள், ஒரே வீடு.

பட்டத்திடம் ஏமாறாதீர்கள்

நடைமுறையில் ரொம்பப் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். 'லார்டு ஸ்டான்லி' என்பது ஒரு ஆளின் பெயர் கிடையாது. டெர்பி பிரபுவின் மூத்த மகன், அப்பா உயிரோடு இருக்கும்வரை மரியாதைக்காக வைத்துக்கொள்ளும் பட்டம். அப்பா இறந்ததும் அவர் டெர்பி பிரபு ஆகிவிடுவார், லார்டு ஸ்டான்லி பட்டம் அவருடைய மகனுக்குப் போகும். அதனால் 1843-ஆம் ஆண்டுக் கடிதத்தில் வரும் லார்டு ஸ்டான்லி வேறு, 1858-ஆம் ஆண்டுக் கடிதத்தில் வரும் லார்டு ஸ்டான்லி வேறு. 1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்து இந்தியாவுக்கென்று லண்டனில் தனி அமைச்சர் பதவி உருவானபோது அதில் முதலில் அமர்ந்தவர் லார்டு ஸ்டான்லி என்று படிப்பீர்கள். அவர் ஜார்ஜின் பெரியப்பா. அவரை அமைச்சராக்கிய பிரதமர் அவருடைய சொந்த அப்பா, அதே 14-ஆவது பிரபு.

போதாக்குறைக்கு 'லார்டு ஸ்டான்லி ஆஃப் ஆல்டர்லி' என்று ஒரு கிளைக் குடும்பம் வேறு இருக்கிறது. பிரபுக்கள் சபையின் முதல் முஸ்லிம் உறுப்பினர் என்று குறிக்கப்படும் ஹென்றி ஸ்டான்லி இந்தக் கிளை. பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அம்மாவும் இந்தக் கிளை. கனடா ஃபிரெடெரிக்கோ டெர்பி பிரபுவாகும் முன் 'ஸ்டான்லி ஆஃப் பிரெஸ்டன்'. அந்த 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் வரும் ஊரைத் தமிழில் எழுதும்போது சுருக்கம் கருதி வெட்டிவிடுகிறார்கள், வெட்டியதும் மூன்று ஆளும் ஒரு ஆள் ஆகிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள்.

மறுபக்கமும் பாருங்கள். பட்டம் குடும்பப் பெயரை மறைத்துவிடும். எப்சம் டெர்பி குதிரைப் பந்தயம் 1780-இல் தொடங்கியது, 12-ஆவது டெர்பி பிரபுவின் பெயரில். மேற்கு ஆஸ்திரேலியாவில் டெர்பி என்ற ஊர், நாம் மேலே பார்த்த அந்தப் பெரியப்பாவின் பெயர். இரண்டிலும் ஸ்டான்லி என்ற எழுத்தே இல்லை, இரண்டும் ஸ்டான்லிகளுடையவை. குடும்பப் பெயரோடு அந்தக் குடும்பத்தின் பட்டத்தையும் சேர்த்துத் தேடாவிட்டால் பாதிப் பட்டியல் கைக்கு வராது.

பெயர் சொந்தமா, எடுத்துக்கொண்டதா

ஆப்பிரிக்க வரைபடத்தில் ஸ்டான்லி என்று பார்த்தால் மேலே சொன்ன குடும்பத்தை மறந்துவிடுங்கள். அங்கே இருப்பவர் ஆய்வுப் பயணி ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி, ஆப்பிரிக்காவில் தகவல் இல்லாமல் போயிருந்த இன்னொரு பயணி லிவிங்ஸ்டனை 1871-இல் உஜிஜியில் கண்டுபிடித்தவர், பின்னால் பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்காகக் காங்கோவில் வேலை செய்தவர். பிறந்தது வேல்ஸில், பிறந்தபோது பெயர் ஜான் ரோலண்ட்ஸ், வளர்ந்தது ஏழைகள் விடுதியில். அமெரிக்காவுக்குப் போய் நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஒரு வியாபாரியின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். ஆக, இவருக்குப் பின்னால் ஸ்டான்லி வம்சம் தேடுவது வீண்வேலை.

ஆனால் அவர் பெயரிலிருந்து கிளைகள் நிறையப் போகின்றன. ஸ்டான்லிவில் 1966-இல் கிசங்கானி ஆனது, ஸ்டான்லி அருவி இன்று போயோமா அருவி. உகாண்டா காங்கோ எல்லையில் 5,109 மீட்டர் உயர ஸ்டான்லி மலைக்கு மட்டும் பெயர் மாறவில்லை. வாகன விளக்குகள் செய்யும் ஜப்பானிய ஸ்டான்லி எலக்ட்ரிக் நிறுவனமும் இந்தப் பயணியின் நினைவாகப் பெயர் வைத்ததுதான், அதில் ஆங்கிலேயர் யாரும் இல்லை.

பெயர் மாறிய ஊர்களைத் தேடும்போது புதுப் பெயர், பழைய பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஃபாக்லாந்து ஸ்டான்லியை அர்ஜென்டினா 1982-இல் இருந்து புவெர்ட்டோ அர்ஜென்டினோ என்றே சொல்கிறது, அந்த ஊரைப் பற்றி ஸ்பானிய மொழியில் இருப்பதெல்லாம் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

கம்பெனிகள்

இங்கே பிராண்டைப் பார்க்காமல் நிறுவியவரையும் ஊரையும் பாருங்கள். இன்ச் டேப், உளி, கத்தி செய்யும் ஸ்டான்லியை 1843-இல் கனெக்டிகட்டின் நியூ பிரிட்டனில் தொடங்கியவர் ஃபிரெடெரிக் டிரென்ட் ஸ்டான்லி. (டெர்பி குடும்பத்து ஃபிரெடெரிக் இல்லை!) அது இன்று ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர். ஸ்டான்லி ஃபிளாஸ்க் வேறு, அதன் மூலம் 1913-இல் முழுக்க எஃகாலான வெற்றிடக் குடுவையைச் செய்த வில்லியம் ஸ்டான்லி. இவர் சாதாரண ஆள் இல்லை, 1886-இல் மாசசூசெட்ஸின் கிரேட் பாரிங்டன் என்ற சின்ன ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மாறுதிசை மின்சாரத்தில் தெரு முழுக்க விளக்கெரிய வைத்தவர்.

இங்கேயும் பிள்ளைகளைப் பாருங்கள். 1935-இல் ஜே.பி. மார்கன் வங்கியிலிருந்து பிரிந்து வந்த இருவர் தொடங்கியது மார்கன் ஸ்டான்லி. அவர்களில் ஒருவரான ஹரோல்டு ஸ்டான்லி, ஃபிளாஸ்க் வில்லியமின் மகன். கத்திக்கும் ஃபிளாஸ்க்குக்கும் இல்லாத தொடர்பு, ஃபிளாஸ்க்குக்கும் முதலீட்டு வங்கிக்கும் இருக்கிறது, எனக்கு இந்தத் தேடலிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

நீராவிக் கார் செய்த ஸ்டான்லிகள் இன்னொரு கூட்டம், மேய்ன் மாநிலத்து இரட்டையர்கள். கொலராடோவில் 1909-இல் திறந்த ஸ்டான்லி ஹோட்டல் அவர்களில் ஒருவருடையது. அவ்வளவுதான், மேலே சொன்ன யாரோடும் சேர்க்க வேண்டாம்.

தேடும்போது

ஸ்டான்லி குப்ரிக், ஸ்டான்லி பால்ட்வின் போன்றவர்களை உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அது அவர்களுக்கு முதல் பெயர். காமிக்ஸ் ஸ்டான் லீ இன்னும் வேடிக்கை, ஸ்டான்லி லீபர் என்ற பெயரில் முதல் பாதியையே இரண்டாக உடைத்துக்கொண்டவர். நம் ஊர்ப் பெயர்களில் முன்னால் இனிஷியல் வந்து பின்னால் ஸ்டான்லி வந்தால் அதுவும் அந்த ஆளின் சொந்தப் பெயர்தான், குடும்பப் பெயர் கணக்கில் வராது.

சில பெயர்கள் நேரடியாக ஆளிடமிருந்து வராது. அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற கால்பந்துக் கழகத்துக்கு அந்தப் பெயர் வந்தது ஸ்டான்லி தெருவில் இருந்த மதுக்கூடத்தால். அங்கே கேட்க வேண்டியது தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதை.

தமிழில் ஸ்டான்லி, ஸ்டேன்லி, ஸ்டான்லீ என மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள், ஒன்றில் வருவது மற்றதில் வராது. பெயரோடு ஊரையோ ஆண்டையோ சேர்த்தால்தான் தேடல் உருப்படும். 'ஸ்டான்லி கப்' என்று மட்டும் தட்டினால் இப்போது கைப்பிடி வைத்த தண்ணீர்க் குவளைதான் முதலில் குவிகிறது, ஹாக்கி வேண்டுமென்றால் 1892 என்று கூடவே போடுங்கள், அல்லது குவளை என்ற சொல்லுக்கு முன் கழித்தல் குறி வைத்து விலக்குங்கள். உறுதிசெய்ய நிறுவனத்தின் சொந்த வரலாற்றுப் பக்கம், திறப்பு விழாக் கல்வெட்டு, அந்த ஆண்டு அரசிதழ் என்று இந்த வரிசையில் போங்கள்.

கிடைத்ததை எழுதி வைக்கும்போது பெயரை மட்டும் எழுதாமல் இடம், வைத்த ஆண்டு, எந்த ஆள், அவருடைய அப்பா என்று நான்கு கட்டம் போடுங்கள். நான்காவது கட்டம்தான் முக்கியம். ஸ்டான்லி பார்க் என்றே இங்கிலாந்தின் பிளாக்பூலிலும் ஒன்று இருக்கிறது, 1926-இல் அதைத் திறந்துவைத்தவர் 17-ஆவது டெர்பி பிரபு. அவர் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினால் கனடா ஃபிரெடெரிக் என்று வரும், அப்படியென்றால் அவர் நம் மேட்டூர் ஜார்ஜின் அண்ணன்.