பாம்புக்குப் பெட்டி வாங்குமுன்: அளவில் வரும் தவறுகள்

வளர்ப்புப் பாம்பு என்றதும் பலர் தேடுவது பால் பைத்தானை (ball python). மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நஞ்சற்ற பாம்பு; பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். (இந்தியாவில் இதை வைத்திருப்பவர்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நல்ல பாம்பு, சாரை, நம் மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம்.)

அந்தச் சுருளைப் பார்த்துத்தான் முதல் தவறு நடக்கிறது. இரண்டு கைக்குள் அடங்குகிற பிராணிக்குப் பெரிய இடம் எதற்கு என்று தோன்றும். வளர்ந்த ஆண் மூன்று, மூன்றரை அடி இருக்கும். பெண் நான்கடியைத் தாண்டும். இரவில் ஊரும்போது உடம்பை நீட்டும். முழு நீளத்துக்கு நீண்டு படுக்க இடம் வேண்டும் என்று பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. சொல்வது இதனால்தான். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்: வளர்ந்த பால் பைத்தானுக்கு இதற்குக் குறைந்து வாங்காதீர்கள்.

பழைய கணக்கு ஒன்று இன்னும் உலவுகிறது. பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் பாம்பின் நீளம் வர வேண்டுமாம். அதன்படி நான்கடிப் பாம்புக்கு இரண்டரை அடிக்கு ஒன்றரை அடிப் பெட்டி போதும். மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், மூன்றடிகூட வராது. பாம்பை அளப்பதிலும் கோளாறு உண்டு: உரித்த சட்டையை அளக்கிறார்கள். கழலும்போது சட்டை இழுபட்டு, பாம்பைவிட நீளமாகிவிடும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மேலிருந்து படம் எடுத்து, முதுகுக்கோட்டில் நூல் ஓட்டிப் பார்ப்பது மேல்.

சின்னத் தொட்டியில் வைத்தால் வளராது என்பது வெறும் கதை.

‘பெரிய பெட்டியில் விட்டால் பாம்பு மிரண்டு, இரை எடுக்காது’ என்ற பேச்சுதான் அதிகக் கெடுதல் செய்வது. அப்படி இரை மறுத்த பாம்பின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிவது இதுதான்: விரித்த செய்தித்தாள், ஒரு தண்ணீர்க் கிண்ணம், மூலையில் ஒரு பிளாஸ்டிக் குகை. அதை மிரட்டுவது பெட்டியின் அளவு அல்ல, வெட்டவெளி. வெப்பமான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு ஒளிவிடங்கள் வையுங்கள். சுருண்டால் உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு அவை நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று வைத்தால், உடல் சூட்டைத் தணிப்பதா, பதுங்குவதா என்று பாம்பு திண்டாடும். நடுவில் மரப்பட்டை, கிளை, உலர்ந்த இலை, பிளாஸ்டிக் செடி என்று நிரப்புங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் வாரக்கணக்கில் இரையைத் தொடாமல் இருப்பதும் உண்டு. அந்தப் பழியும் பெட்டியின் தலையில்தான் விழுகிறது.

கேலன் கணக்கை நம்பித் தொட்டி வாங்குவது இன்னொரு தவறு. தொட்டி எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்று சொல்கிற அது மீனுக்கான கணக்கு. அமெரிக்கக் கடைகளில் 55 கேலன் தொட்டியின் தரை வழக்கமாக 48 அங்குலத்துக்கு 13; 40 கேலன் ‘பிரீடர்’ தொட்டியின் தரை 36க்கு 18. பெருக்கிப் பாருங்கள்: சின்னதென்று சொல்லப்படுவதில்தான் தரை அதிகம். ஆனால் பால் பைத்தானுக்கு இரண்டுமே போதாது.

சின்னப் பெட்டியில் சூடும் சிக்கலாகும். ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டடிப் பெட்டியில் விளக்கைப் போட்டால் பெட்டி முழுவதும் சூடாகிவிடும், ஒதுங்க இடமிருக்காது. வெப்பக் கருவி எதுவானாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பொருத்தக் கூடாது.

குட்டிகளுக்குப் பெரிய பெட்டியில் வரும் உண்மையான ஆபத்து இடைவெளிதான். நகரும் கண்ணாடிக் கதவுகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒரு சந்து இருக்கும். பலர் வளர்க்கும் இன்னொரு நஞ்சற்ற இனமான கார்ன் பாம்பின் (corn snake) குட்டிக்குப் பென்சில் கனமே இருக்கும்; அதற்கு அது வாசல். அந்தச் சந்தை அடைக்க முடியாவிட்டால், கொஞ்சம் பருக்கும் வரை இறுகப் பூட்டும் மூடியுள்ள சிறிய பெட்டியில் வைத்திருங்கள்.